அருகமைப் பள்ளியும் அண்டை வீட்டாரும்

கான்ஸஸ் மாகாணத்தின் தலைநகரான டொபீகாவில், ஸான்டா ஃபே ரயில்வே பட்டறையில் வெல்டராக வேலை பார்த்துக்கொண்டு, தேவாலயமொன்றில் உதவிப் போதகராகவும் தொண்டாற்றிவந்த ஆலிவர் பிரவுன் என்பவர், 1950ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு நாள், ஏழு வயதான தம் மகள் லின்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து ஏழு தெருக்கள் தள்ளியிருந்த ஸம்னர் ஆரம்பப் பள்ளிக்கு நடந்துபோனார். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தலைமையாசிரியரின் அறைக்குள் அவர் சென்றதும், உள்ளே குரல்கள் உயர்ந்ததும், மறுபடி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்ததும் அந்தக் குழந்தையின் ஞாபகத்தில் கடைசிவரை தங்கிவிட்டன. ஸம்னர் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளுக்கான பள்ளி. லின்டா கறுப்பினக் குழந்தை. ஆகவே, தெருவில் தன்னோடு சேர்ந்து விளையாடிய பிள்ளைகள் ஸம்னருக்குப் போக, அவள் மட்டும் ரயில் தண்டவாளங்கள் பின்னிக் கிடந்த யார்டின் ஓரமாக நடந்து, ஒரு பெரிய சாலையைக் கடந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு மைல் தூரத்திலிருந்த மன்ரோ பள்ளிக்குப் போய்வர வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் குளிர் தாங்காமல், பாதி வழியில் அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பியோடிய நாட்களும் உண்டு.

அமெரிக்கப் பள்ளிகளின் இன ஒற்றுமையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் இந்தத் தகப்பனாரின் பெயரால் நடந்த வழக்கிலிருந்து தொடங்குவது மரபாகிவிட்டது. நானும் அந்த மரபை மீறவில்லை. ஆனால் அந்தத் தகப்பனார் கேட்டது என்ன என்பதை நாம் சற்று நின்று கவனிப்பதில்லை. புரட்சிகரமான எதையும் அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் என் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டார். நம் நாட்டுக் கல்வியாளர்கள் ‘அருகமைப் பள்ளி’ என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்களே, அந்த ஒன்றைத்தான் அவர் உரிமையாகக் கோரினார். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்குள், அதே அருகமைப் பள்ளி என்ற சொல், கறுப்பினக் குழந்தைகளைத் தங்கள் பள்ளிகளில் அனுமதிக்க விரும்பாத வெள்ளையர்களின் கொடியில் எழுதப்பட்ட மந்திரமாக மாறிவிட்டது. ஒரே சொல் எப்படிக் கட்சி மாறியது என்பதைப் புரிந்துகொண்டால், இந்த நீண்ட சர்ச்சையின் உட்பொருள் ஒருவாறு விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த விவகாரம் ஆரம்பப் பள்ளியைச் சுற்றியே பின்னப்பட்டிருப்பது தற்செயலன்று. கான்ஸஸ் மாகாணத்தில் 1879இல் இயற்றப்பட்ட சட்டம், பதினையாயிரத்துக்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்கள் ஆரம்பப் பள்ளிகளை மட்டும் இனவாரியாகப் பிரித்து நடத்தலாம் என்று அனுமதித்தது. டொபீகாவில் வெள்ளையருக்குப் பதினெட்டு ஆரம்பப் பள்ளிகளும் கறுப்பினத்தவருக்கு நான்கும் இருந்தன. இதில் விசேஷம் என்னவென்றால், கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி முதலியவற்றில் இரு வகைப் பள்ளிகளும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன என்று விசாரணைக் கோர்ட்டே ஒப்புக்கொண்டதுதான். ஓட்டைக் கூரையும் உடைந்த பெஞ்சுமாக இருந்திருந்தால் அவற்றைச் செப்பனிட்டு வழக்கை முடித்திருக்கலாம். செப்பனிட ஒன்றுமில்லாத இடத்தில், பிரித்துவைப்பது என்ற செய்கை மட்டும் தனியாக நியாயஸ்தலத்தின் முன் நின்றது. பதின்மூன்று பெற்றோர்கள் இருபது குழந்தைகளின் சார்பில் தொடுத்த அந்த வழக்கிலும், அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்ட பிற மாகாண வழக்குகளிலும், 1954 மே 17 அன்று அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: பிரித்துவைத்த பள்ளிகள் இயல்பாகவே சமமற்றவை.

இதே கேள்வி அதற்கு நூறாண்டுக்கு முன்பே பாஸ்டன் நகரத்தில் எழுந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஸாரா ராபர்ட்ஸ், தன் வீட்டிலிருந்து கறுப்பினப் பள்ளிக்குப் போகும் வழியில் வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து போகவேண்டியிருந்தது. 1849இல் அவள் சார்பில் வாதாடியவர் சார்லஸ் ஸம்னர். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தார். ஆனால் 1855இல் மாஸசூஸெட்ஸ் சட்டசபை அந்த மாதிரிப் பாகுபாட்டைச் சட்டத்தால் ஒழித்தது. தோற்றுப்போன அந்த வக்கீலின் பெயரைத்தான் டொபீகாவின் வெள்ளையர் பள்ளி தன் முகப்பில் தாங்கி நின்றது என்பதை நினைக்கும்போது, சரித்திரத்துக்கும் பரிகாச உணர்ச்சி உண்டு என்று எண்ணத் தோன்றுகிறது. கலிபோர்னியாவிலும், மெக்ஸிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைத்த வெஸ்ட்மின்ஸ்டர் முதலிய ஊர்களுக்கு எதிராக மென்டெஸ் குடும்பத்தாரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு 1947இல் மேல்முறையீட்டிலும் வெற்றி பெற்றது. ஆகவே இந்தச் சிக்கல் தென்பிராந்தியத்துக்கு மட்டும் உரியது என்றோ, கறுப்பு வெள்ளை என்ற இரண்டு நிறங்களோடு முடிந்தது என்றோ கருதுவது பிசகு.

தீர்ப்பு வந்ததே தவிர, காரியம் நடக்கவில்லை. 1955இல் கோர்ட்டு தன் தீர்ப்பை நிறைவேற்றும் விதத்தைப் பற்றிச் சொன்னபோது வேகத்தையும் நிதானத்தையும் ஒரே மூச்சில் சொன்னது; தெற்கத்திய அதிகாரிகள் நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நியூ ஆர்லியன்ஸில் 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதான ரூபி பிரிட்ஜஸ் மத்திய சர்க்கார் காவலர்களின் பாதுகாப்பில் வில்லியம் ஃபிரான்ட்ஸ் ஆரம்பப் பள்ளிக்குள் நுழைந்தபோது, வெள்ளையர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை ஒரே ஒரு மாணவிக்கு ஒரு வகுப்பு நடத்தினார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. பலரும் அறியாதது வடக்கில் நடந்தது.

வடக்கில் சட்டம் யாரையும் பிரிக்கவில்லை, வரைபடம் பிரித்தது. 1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் நகரத்தில் பேயர்ட் ரஸ்டின் முன்னின்று ஏற்பாடு செய்த பகிஷ்காரத்தில், பாகுபாட்டைக் கண்டித்து நாலு லட்சத்து அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்கள். அடுத்த மாதமே வெள்ளைக்காரத் தாய்மார்கள் பல்லாயிரவர் ஊர்வலமாகப் புறப்பட்டு, அருகமைப் பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று முழங்கினார்கள். நாங்கள் இனவெறியர்கள் அல்லர், எங்கள் குழந்தைகள் பக்கத்துப் பள்ளிக்குப் போகட்டும் என்கிறோம், அவ்வளவே என்பது அவர்கள் வாதம். டொபீகாவில் தகப்பனாரின் வாயில் பிறந்த கோரிக்கை இங்கே எதிர்த்தரப்பின் கேடயமாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின், 1974 ஆகஸ்டில், பள்ளிச் சேர்க்கையை நிர்ணயிப்பதற்கு உரிய அடிப்படை அருகமையே என்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது.

பக்கத்துப் பள்ளிக்குப் பக்கத்துப் பிள்ளைகள் போகட்டும் என்பதில் என்ன தவறு என்று எவரும் கேட்கலாம், கேட்பது நியாயமும்கூட. ஆறு வயதுக் குழந்தையை விடியற்காலையில் எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் தாயின் மனத்தை அறியாதவர்கள்தாம் அதைக் கேவலமாகப் பேசுவார்கள். ஆனால் அருகமைப் பள்ளியின் குணம், அருகில் குடியிருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. அருகில் குடியிருப்பவர் யார் என்பதோ இயற்கையாக அமைந்ததன்று. 1933இல் ஏற்பட்ட சர்க்கார் வீட்டுக்கடன் நிறுவனம், நகரங்களை நான்கு தரங்களாகப் பிரித்து வர்ணம் தீட்டிய வரைபடங்களில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பாக்கிக் கடனுக்கு லாயக்கற்றவை என்று குறித்தது. 1934இல் தோன்றிய மத்திய வீட்டு வசதி நிர்வாகம், புறநகர் வீடுகளுக்குக் கடன் உத்தரவாதம் கொடுக்கையில், குடியிருப்பவர்களின் இனம் கலவாதிருப்பதை ஒரு யோக்கியதையாகக் கருதியது. ஒவ்வாத இனத்தவர் அதிகமாகப் படிக்கும் பள்ளி அமைந்திருப்பது அந்தப் பேட்டையின் மதிப்பைக் குறைக்கும் என்று அதன் கையேடே அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. இன்னாருக்கு விற்கமாட்டேன் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கத்தைக் கோர்ட்டுகள் அமல்படுத்தக்கூடாது என்று 1948இல்தான் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று; வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் புறநகரங்கள் கட்டி முடிக்கப்பட்டு, குடும்பங்கள் குடியேறி, பல வருஷம் வளர்ந்த மரங்கள் தெருவுக்கு நிழல் தந்துகொண்டிருந்தன. சர்க்கார் கையால் நட்டு வளர்த்த அண்டையை இயற்கை என்று பெயரிட்டு, அந்த இயற்கையின்படி பள்ளி அமையட்டும் என்று சொல்வது, ஆற்றை வெட்டிவிட்டு அதன் போக்கைத் தெய்வ சங்கல்பம் என்பது போன்றது.

இனத்தோடு பணமும் இங்கே கைகோத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் பள்ளிச் செலவின் பெரும் பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. டெக்ஸஸின் ஸான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்ற இரண்டு பள்ளி மாவட்டங்கள் ஒரே பெருநகரப் பகுதிக்குள் இருந்தன. 1967-68ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மெக்ஸிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழ்ந்த எட்ஜ்வுட்டில் ஒரு மாணவனுக்குக் கிடைத்தது 356 டாலர். செல்வர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸில் 594 டாலர். ஆனால் நூறு டாலர் சொத்துக்கு எட்ஜ்வுட் மக்கள் செலுத்திய வரி 1 டாலர் 5 சென்ட். அலமோ ஹைட்ஸ்காரர்கள் செலுத்தியது 85 சென்ட். அதாவது, ஏழைகள் அதிக விகிதத்தில் வரி கட்டிக் குறைந்த கல்வியைப் பெற்றார்கள், ஏனெனில் அவர்களுடைய வீடுகளுக்கு விலையில்லை. டெமெட்ரியோ ரொட்ரிகெஸ் என்பவரும் பிற பெற்றோரும் தொடுத்த வழக்கில், கல்வி அரசியல் சாசனம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமையன்று என்று 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. பள்ளியின் பெயரும் வீட்டின் விலையும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்தவை என்பதை ஸான்ட்ரா பிளாக் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரை காட்டுகிறது. மாஸசூஸெட்ஸ் புறநகரங்களில், ஆரம்பப் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கங்களிலும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, பரீட்சை மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதல் விலை கொடுக்கத் தயாராயிருக்கிறார்கள் என்று அவர் கணித்தார். இலவசப் பள்ளி என்று பெயரே தவிர, கட்டணம் வீட்டுப் பத்திரத்தில் முன்னதாகவே வசூலாகிவிடுகிறது.

இனி பஸ்ஸின் கதை. 1971இல் வட காரோலைனாவின் ஷார்லட் நகர வழக்கில், பிள்ளைகளைப் பஸ்ஸேற்றி அனுப்பிப் பள்ளிகளைக் கலக்கச் செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. எதிர்த்தவர்கள் பஸ்ஸை ஏதோ புதிய பேய் என்பது போல் பேசினார்கள். ஆனால் 1969-70ஆம் ஆண்டில் ஒரு கோடியே எண்பது லட்சம் பிள்ளைகள், அதாவது பொதுப்பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 39 பேர், எந்த இனப் பிரச்னையும் இல்லாமல் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டிற்று. ஷார்லட்டின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிய ஏற்பாட்டில் பிரயாணம் சராசரி ஏழு மைல், அதிகபட்சம் முப்பத்தைந்து நிமிஷம். முன்பிருந்த ஏற்பாட்டிலோ பஸ்ஸில் போன பிள்ளைகளின் பிரயாணம் சராசரி பதினைந்து மைல், ஒரு மணிக்கு மேல். லின்டா பிரவுன் பஸ்ஸில் போனபோது யாரும் பஸ்ஸைக் குறை சொல்லவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. 1974இல் பாஸ்டனில் நீதிபதி காரிட்டியின் உத்தரவின்பேரில் பஸ்கள் ஓடியபோது கல்லெறியும் கலகமும் நடந்தன. அதைப்பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் டெட்ராய்ட் வழக்கில் வந்த தீர்ப்புக்குத்தான் நீண்ட விளைவு. நகரத்துப் பள்ளிகளைச் சுற்றியுள்ள ஐம்பத்து மூன்று புறநகர் மாவட்டங்களோடு சேர்த்துக் கலக்க வேண்டும் என்ற திட்டத்தை, ஐந்துக்கு நான்கு என்று கோர்ட்டு நிராகரித்தது. நகர எல்லைக்கோட்டைத் தாண்டினால் பஸ் பின்தொடராது என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. தாண்டும் வசதி உள்ளவர்கள் தாண்டினார்கள்.

ஓக்லஹோமா நகரத்தின் கதையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க இயலாது. அங்கே கோர்ட்டு உத்தரவின்படி பல ஆண்டுகள் பிள்ளைகள் கலந்து படித்தபின், கறுப்பினச் சிறு குழந்தைகளின் பிரயாணச் சிரமத்தைக் காரணம் காட்டி, 1985இல் நான்காம் வகுப்புவரை அருகமைப் பள்ளி முறையை நிர்வாகம் மீட்டுக்கொண்டது. பலன், அறுபத்து நான்கு ஆரம்பப் பள்ளிகளில் பதினொன்று நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பினப் பள்ளிகளாயின; இருபத்திரண்டில் அதே அளவுக்குக் கறுப்பினத்தவர் அல்லாதவர் நிறைந்தனர்; முப்பத்தொன்றுதான் கலப்பாக எஞ்சின. 1991இல் சுப்ரீம் கோர்ட்டு, அந்த நிர்வாகம் பழைய உத்தரவிலிருந்து விடுதலை பெறுவதற்கு வழி திறந்தது. டொபீகா வழக்கில் வக்கீலாக நின்ற தர்குட் மார்ஷல், இப்போது நீதிபதியாக, மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். குழந்தைகளின் பிரயாணச் சிரமத்தைப் பற்றிய அந்த இரக்கம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். சிரமம் மெய், கறுப்பினக் குழந்தைகளை மட்டுமே தூரம் அனுப்பும்படி திட்டம் வகுத்தது யார் என்பதுதான் கேள்வி.

அந்தப் பாரத்தை இரு தரப்பும் பகிர்ந்துகொள்ள முடியும் என்று காட்டிய ஊர் கலிபோர்னியாவின் பெர்க்லி. அந்த ஊரின் அமைப்பே ஒரு பாடம். கிழக்கே குன்றுகள், மேற்கே ஸான் ஃபிரான்ஸிஸ்கோ வளைகுடாவை நோக்கிச் சரியும் சமதளம். குன்றின் மேல் பங்களாக்களில் வெள்ளையரும் பேராசிரியர்களும், கீழே ரயில் பாதையை ஒட்டிய பகுதிகளில் கறுப்பினத்தவரும் தொழிலாளரும் வசித்தார்கள். நிலத்தின் உயரத்தைக் கொண்டே குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கிட்டுவிடலாம் போன்ற ஊர். கோர்ட்டு உத்தரவு எதுவுமில்லாமலே, 1968இல் அந்நகரம் தன் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றையும் கலக்கத் துணிந்தது. கல்விக் கண்காணிப்பாளர் நீல் ஸல்லிவன், கலப்பைத் தவிர்ப்பதற்காகப் பொதுப்பள்ளிகளையே ஐந்து வருஷம் இழுத்துமூடிய வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில் இலவசப் பள்ளி நடத்திவிட்டு வந்தவர். திட்டம் எளியது: மூன்றாம் வகுப்புவரை எல்லாக் குழந்தைகளும் குன்றுப் பள்ளிகளில், நான்கு முதல் ஆறுவரை எல்லோரும் சமதளப் பள்ளிகளில். முதல் பாதியில் கீழ்வீட்டுக் குழந்தை பஸ்ஸில் மேலே போகும். பின் பாதியில் மேல்வீட்டுக் குழந்தை கீழே வரும். அப்படி மேலே போன குழந்தைகளில் ஒருத்தி, சென்னையில் பிறந்து பெர்க்லிக்கு ஆராய்ச்சி மாணவியாகச் சென்ற சியாமளா கோபாலனின் மூத்த மகள் கமலா. அவர் சேர்ந்த தவுஸண்ட் ஓக்ஸ் பள்ளி முன்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வெள்ளையர் பள்ளியாக இருந்து, திட்டத்துக்குப் பின் நூற்றுக்கு நாற்பது கறுப்பினக் குழந்தைகளைக் கொண்டதாயிற்று. 2019இல் ஜனாதிபதி வேட்பாளர்களின் விவாத மேடையில், முன்பு பஸ் திட்டங்களை எதிர்த்த சக வேட்பாளர் பைடனை நோக்கி, அந்தச் சிறுமி நான்தான் என்று அவர் சொன்னபோது, பழங்கதை என்று மூடிவைத்த ஏடு திடீரென்று பிரிந்துகொண்டது.

பெர்க்லி பிற்காலத்தில் வேறொரு உபாயத்தைக் கண்டது. ஊரை மூன்று நீண்ட பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பட்டையும் குன்றின் உச்சியில் தொடங்கி வளைகுடாவை நோக்கி இறங்குமாறு, கேக்கைக் குறுக்கே வெட்டாமல் எல்லா அடுக்கும் வரும்படி நெடுக்கே வெட்டுவதுபோல், கோடு கிழிக்கப்பட்டது. நான்கு முதல் எட்டுத் தெருக்கள்வரை கொண்ட சிறு சிறு கட்டங்களாக நகரைப் பகுத்து, அந்தக் கட்டத்தின் வருமானம், பெற்றோர் படிப்பு, இனக்கூறு ஆகியவற்றைப் பார்த்துச் சேர்க்கையைச் சமன்செய்கிறார்கள். தனிக் குழந்தையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஒரே தெருவில் வாழும் கறுப்பினக் குழந்தைக்கும் வெள்ளைக் குழந்தைக்கும் ஒரே மதிப்பு. 2009இல் மாகாண மேல்முறையீட்டுக் கோர்ட்டு இதை ஏற்றுக்கொண்டது. ‘அருகில்’ என்ற சொல்லின் அர்த்தத்தையே, கோடு போடும் கோணத்தை மாற்றி, மாற்றிக் காட்டிய இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

கலந்து படிப்பதால் பலன் உண்டா என்பதற்கு வருவோம். 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் சுமார் நாலாயிரம் பள்ளிகளையும் பரிசீலித்து வெளியான அறிக்கை, கட்டடங்களையும் நூலகங்களையும்விட, வீட்டுச் சூழ்நிலையும் அதற்கடுத்தபடி வகுப்பில் உடன் படிப்பவர்களின் பின்னணியும் கல்வியை அதிகமாகப் பாதிக்கின்றன என்று சொல்லி எல்லோரையும் திகைக்கச் செய்தது. அதன் கணக்கு முறையைப் பற்றிய வாதங்கள் இன்றும் ஓயவில்லை. வசதியுள்ள பெற்றோர் வசதியுள்ள பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே பலன் பள்ளியினுடையதா, பெற்றோருடையதா என்று பிரித்தறிவது கடினம். அந்த முடிச்சை அவிழ்க்க மேரிலாண்டின் மான்ட்காமரி வட்டாரத்தில் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. அங்கே 1970களிலிருந்து, புதிதாக எழும் குடியிருப்புகளில் ஒரு பகுதியை மலிவு விலையில் ஒதுக்க வேண்டும் என்றும், அவற்றில் மூன்றிலொரு பங்குவரை வீட்டு வசதி நிர்வாகம் ஏழைகளுக்காக வாங்கிக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்பது ஏறக்குறையக் குலுக்கல் முறையில் அமைவதால், பிள்ளை எந்த ஆரம்பப் பள்ளிக்குப் போகும் என்பதும் தற்செயலாகிவிடுகிறது. 2001 முதல் 2007 வரை அப்படிப்பட்ட 858 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஹெதர் ஷ்வார்ட்ஸ், வறுமை குறைந்த பள்ளிகளில் சேர்ந்த ஏழைக் குழந்தைகள் ஆரம்பப் பள்ளி முடிவதற்குள், வசதியுள்ள சக மாணவர்களோடு இருந்த கணித இடைவெளியில் பாதியையும் வாசிப்பு இடைவெளியில் மூன்றிலொரு பங்கையும் கடந்துவிட்டதாகக் கண்டார். வறுமை மிகுந்த பள்ளிகளுக்கு அந்த வட்டாரம் மாணவனுக்கு இரண்டாயிரம் டாலர் வரை கூடுதலாகச் செலவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்த குழந்தைகள் அந்தப் பணத்தால் பெற்றதைவிட, பக்கத்து பெஞ்சால் மற்றவர்கள் பெற்றது அதிகம். ரக்கர் ஜான்ஸன் தலைமுறைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட நூலும், கலப்புப் பள்ளிகளில் படித்த கறுப்பினத்தவர் பிற்காலத்தில் கூடுதலாகப் படித்து, கூடுதலாகச் சம்பாதித்து, நல்ல ஆரோக்கியத்துடன் வாழ்ந்ததையும், வெள்ளையருக்கு அதனால் நஷ்டம் நேரவில்லை என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

ஆயினும் பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாலேயே அவர்கள் கலந்துவிடுவதில்லை. பள்ளி வாசலில் கலந்து, மேதாவிகளுக்கு ஒரு வகுப்பு, மந்தமானவர்களுக்கு ஒரு வகுப்பு என்று தாழ்வாரத்தில் பிரிந்துபோகும் பள்ளிகள் ஏராளம். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, மேலதிகாரிகளின் ஆதரவு இவை அமைந்தால்தான் பழக்கம் பகையைத் தணிக்கும். 1971இல் டெக்ஸஸின் ஆஸ்டின் நகரில், பள்ளிகள் கலந்த வேகத்தில் பிள்ளைகளுக்குள் கைகலப்பு மூண்டபோது, எலியட் ஆரன்ஸன் என்ற உளவியல் பேராசிரியர் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்க, தெரிந்த பிள்ளைகள் கையை உயர்த்தி ஆசனத்திலிருந்து எழும்பித் துடிக்க, தெரியாத பிள்ளைகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தோற்றால் மற்றவனுக்குச் சந்தோஷம். அவர் பாடத்தைத் துண்டுகளாக வெட்டினார். ஒரு பெரியவரின் ஜீவிய சரித்திரம் பாடமென்றால், அவருடைய இளமை ஒரு பிள்ளையிடம், தொழில் இன்னொரு பிள்ளையிடம், முதுமை வேறொரு பிள்ளையிடம். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவனும் தன் துண்டை மற்றவர்களுக்குச் சொல்லித்தந்தால்தான் முழுக்கதையும் எல்லோருக்கும் தெரியவரும், பரீட்சையும் எழுத முடியும். இங்கிலீஷ் தடுமாறிய ஒரு மெக்ஸிகோ வம்சாவளிப் பையனை முதலில் கேலி செய்த பிள்ளைகள், அவன் வாயிலிருந்து விஷயம் வராவிட்டால் தங்களுக்கே நஷ்டம் என்று அறிந்ததும், பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனைப் பேசவைத்தார்கள். சில வாரங்களில் அவன் மந்தமானவன் அல்லன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவனுக்கும்தான்.

இந்த முயற்சிகளின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவற்றின் ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். 1954க்கும் 1965க்கும் இடையில் பதினேழு தெற்கு, எல்லை மாகாணங்களில் சுமார் முப்பத்தெண்ணாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அவ்விதம் வெளியேற்றப்பட்டதாகக் கணக்கு. பாகுபாட்டை வாழ்நாளெல்லாம் எதிர்த்த டு பாய்ஸ் 1935லேயே, கறுப்பினக் குழந்தைக்கு வேண்டியது தனிப்பள்ளியுமன்று, கலப்புப் பள்ளியுமன்று, கல்விதான் என்று வாதித்து, பகையுள்ள கலப்புப் பள்ளியைவிடப் பரிவுள்ள தனிப்பள்ளி மேல் என்ற எல்லைவரை சென்றார். 1976இல் டெரிக் பெல் என்ற சட்டப் பேராசிரியர், கலப்பையே குறியாகக் கொண்ட வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரர்களான பெற்றோர் கேட்ட நல்ல பள்ளியை மறந்துவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார். இந்தக் குரல்களைக் கலப்பின் எதிரிகள் தங்களுக்கு வசதியாக எடுத்தாள்வது உண்டு. அதற்காக அந்தக் குரல்களில் உண்மையில்லை என்றாகிவிடாது.

இப்போது கதை முழுவட்டமாகச் சுற்றி வந்த இடத்துக்கு வருகிறோம். கென்டக்கியின் லூயிவில் நகரத்தை உள்ளடக்கிய ஜெஃபர்ஸன் வட்டாரம், கோர்ட்டு உத்தரவு நீங்கிய பிறகும் தானாகவே பள்ளிகளைக் கலந்துவைத்தது. ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாமலும் ஐம்பதுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே மெரிடித் என்ற ஒரு வெள்ளைக்காரத் தாய், தம் மகனைப் பாலர் வகுப்பில் சேர்க்கச் சென்றார். அவனுக்கு ஒதுக்கிய பள்ளி பத்து மைல் தூரம். ஒரு மைல் தூரத்திலுள்ள பள்ளிக்கு மாற்றித்தரும்படி கேட்டார். இனவிகிதம் கெடும் என்று மறுத்துவிட்டார்கள். 2007 ஜூன் 28 அன்று, ஸியாட்டில் நகரின் இதே போன்ற வழக்கோடு சேர்த்து, சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நான்கு என்று அந்தத் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. டொபீகாத் தகப்பனாரின் வழக்கையே ஆதாரமாகக் காட்டித் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். இரு குழந்தைகள், இரு பெற்றோர், ஒரே கோரிக்கை. மெரிடித்தின் மனக்குறையை நான் அற்பமாக மதிக்கவில்லை. ஆனால் ஒரு குழந்தையைத் தள்ளிவைப்பதற்காகத் தூரம் அனுப்புவதும், எல்லோரையும் சேர்த்துவைப்பதற்காக ஒரு குழந்தையைத் தூரம் அனுப்புவதும் ஒன்றே என்று கொள்வதற்கு, மைல்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு பாதையைப் பாராமல் இருக்க வேண்டும். ஐந்தாவது வாக்கை அளித்த நீதிபதி கென்னடி, தனிக் குழந்தையின் இனத்தைப் பார்க்காமல், பள்ளி கட்டும் இடம், எல்லைக்கோடு போன்றவற்றின் மூலம் கலப்பை நாடலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தார்.

அந்த ஜன்னலின் வழியே நுழைந்ததுதான் வருமானம் என்ற அளவுகோல். அதற்கு முன்னோடிகளும் உண்டு. மாஸசூஸெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் அதைக் கைக்கொண்டது. வட காரோலைனாவின் வேக் வட்டாரம் 2000இல், எந்தப் பள்ளியிலும் இலவச அல்லது சலுகை உணவு பெறும் பிள்ளைகள் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டலாகாது என்று விதித்து, 2009 தேர்தலில் பள்ளி வாரியம் கைமாறியதும் மறு ஆண்டே அதைக் கைவிட்டது. சமுதாயத்தின் மனச்சாட்சி ஒரு வாரியத் தேர்தலில் அடங்கிவிடுகிறது! ஏழ்மையை அளக்கும் அந்தக் கோலும் கோணலானது. வறுமைக்கோட்டைப்போல் 1.3 மடங்குக்குக் குறைந்த வருமானத்துக்கு இலவச உணவு, 1.85 மடங்குவரை சலுகை விலை. இரண்டும் ஒரே பெட்டியில் விழுவதால், வீடற்ற குழந்தையும் சாதாரணக் குமாஸ்தா மகனும் கணக்கில் ஒன்றாகிவிடுகிறார்கள். வறுமை மிகுந்த பள்ளியில் விண்ணப்பமின்றி எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் ஏற்பாடு 2014இல் நாடெங்கும் பரவியபின், பசி தீர்ந்தது, புள்ளிவிவரம் கெட்டது. பசி தீர்ந்ததே நல்லது. மேலும், ஒரே வருமானமுள்ள கறுப்பினக் குடும்பமும் வெள்ளைக் குடும்பமும் ஒரே மாதிரிப் பேட்டையில் வாழ்வதில்லை. ஆகவே பணத்தால் கலந்தால் இனமும் தானாகக் கலந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் பலிக்கிறது.

கோடு போடும் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு நியூயார்க்கின் புரூக்ளினில் அண்மைக்காலத்தில் ஓர் உதாரணம் கிடைத்தது. புரூக்ளின் ஹைட்ஸில் எட்டாம் எண் பொதுப்பள்ளி, பெரும்பாலும் வெள்ளையர், இடமின்றி நெரிந்தது. சிறிது தூரத்தில் ஃபாரகட் என்னும் ஏழைகள் குடியிருப்பை ஒட்டிய முந்நூற்றேழாம் எண் பள்ளி, பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், இடமிருந்தும் பிள்ளையின்றி நின்றது. நெரிசலைக் குறைக்க, டம்போ பகுதியின் புதிய மாடி வீடுகளை இரண்டாவது பள்ளியின் எல்லையில் சேர்க்க 2015இல் யோசனை எழுந்ததும், மாடி வீட்டார் தங்கள் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்று கூட்டம் கூட்டமாகக் கேள்வி எழுப்பினார்கள். அதைவிடக் கவனிக்கத்தக்கது, ஃபாரகட் குடியிருப்பினரும் அஞ்சியதுதான். இவ்வளவு காலம் நாங்கள் பாடுபட்டு வளர்த்த பள்ளி, இவர்கள் வந்ததும் எங்களுடையதாக இருக்குமா என்று அவர்கள் கேட்டார்கள். 2016 ஜனவரியில் எல்லை மாற்றம் நிறைவேறியது.

டொபீகா வழக்கும் 1954இல் முடிந்துவிடவில்லை. 1979இல், தம் பிள்ளைகளை அதே ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த லின்டா பிரவுன், வேறு சில பெற்றோருடன் சேர்ந்து பழைய வழக்கைத் திறந்தார். பெற்றோர் விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற புதிய ஏற்பாட்டால் பிள்ளைகள் மறுபடி இனவாரியாகப் பிரிந்துவிடுவார்கள் என்பது அவர்கள் முறையீடு. 1992இல் மேல்முறையீட்டுக் கோர்ட்டு பாகுபாட்டின் சுவடுகள் இன்னும் அழியவில்லை என்று கண்டது. நகரம் சில பள்ளிகளை மூடிச் சில விசேஷப் பள்ளிகளைப் புதிதாகக் கட்டியது. 1999இல்தான் கோர்ட்டு கட்டை அவிழ்த்தது. மன்ரோ பள்ளிக் கட்டடம் இன்று தேசிய நினைவுச் சின்னமாகப் பராமரிக்கப்படுகிறது. ஏழு தெருக்கள் தள்ளியிருந்த ஸம்னர் பள்ளி 1996இல் மூடப்பட்டது.